பூச்சி வைத்த சேனை

1

நம்ம ஊர்த் திருவிழா மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும் என்று பங்குச் சாமியார் சொன்னதாகத் தம்பி அருளப்பன் போனில் சொன்னான். எனக்கு முன்னால் எழுதியவர்கள் விமான நிலையத்தைப் பற்றியும், ரயில் நேரத்துக்கு வருவதைப் பற்றியும், சிங்கப்பூர் சுத்தமாக இருப்பதைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். அதெல்லாம் உண்மைதான். சுத்தத்தில் என் கையும் கொஞ்சம் உண்டு.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். அவசரப்பட மாட்டேன். பிழை இருந்தால் அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

ஒரு பூச்சியைப் பற்றி எழுதப் போகிறேன். உளுந்துக்கும் அவரைக்கும் மருந்தடிக்கிற உங்களுக்கு அது தேவைப்படலாம். எனக்கு அந்தப் பூச்சி வேறு ஒரு உதவி செய்தது. கொஞ்ச காலம் என் மகளை என் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப வரவைத்தது. அந்த வரத்து நிற்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் நான் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரை.

2

நான் இருப்பது உட்லண்ட்ஸில். ஜன்னலைத் திறந்தால் அந்தக் கரையில் மலேசியாவின் ஜொகூர் தெரியும். காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றால், பாலத்தின் மேல் மோட்டார் சைக்கிள்கள் எறும்புச் சாரையாக வேலைக்கு வருவதைப் பார்க்கலாம். மகள் ஜெசிந்தா இருப்பது பொங்கோலில். நம்ம ஊரிலிருந்து கும்பகோணம் போகிற தூரம்கூட வராது. அப்படியும் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் பார்த்துக்கொள்வதோடு சரி. பூசை முடிந்தால் தேக்கா உணவுக் கடைகளில் ஒரு தோசை, ஒரு தேநீர். அவள் போனைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்ப்பேன்.

சண்டை எதுவும் கிடையாது. சண்டை இருந்தாலாவது யாராவது சமாதானம் பேசி வைப்பார்கள். எங்களுக்கு இருந்தது பேச்சுப் பஞ்சம். அவளைப் பாலர் பள்ளியில் சேர்த்தபோது, வீட்டிலும் ஆங்கிலம் பேசுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று ஆசிரியை சொன்னார். அவளுடைய அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், ஆங்கிலம் வரும். எனக்கு வராது. அதனால் சாப்பிட வா, குளிக்கப் போ என்பது தமிழிலும், மற்றதெல்லாம் ஆங்கிலத்திலும் நடந்தது. என் பேச்சு அந்த வீட்டில் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. பிள்ளை பின்தங்கவில்லை. பெரிய படிப்பெல்லாம் படித்தாள். கோவிலில் யாராவது, "உங்க மக டாக்டராமே?" என்று கேட்டால், "டாக்டர்தான், பூச்சிக்கு" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று எனக்கும் தெரியாததால் நானும் சிரிப்பேன். விளக்கிச் சொல்ல அவளிடம் தமிழ் போதாது. கேட்டுத் தெரிந்துகொள்ள என்னிடம் ஆங்கிலம் கிடையாது.

நான் வேலை பார்த்தது ஒரு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில். துப்புரவு வேலை. பிறந்த பிள்ளையைப் படுக்கவைக்கிற தொட்டில்களைத் துடைத்து வைப்பது என் பொறுப்பு. நான் துடைத்த தொட்டிலை மேற்பார்வை அம்மாள் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பார். துணி வெள்ளையாகவே திரும்பும். புதிதாக வருகிறவர்களை, "இவங்ககிட்ட கத்துக்கோங்க" என்று என்னிடம்தான் விடுவார். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்கு உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் கை அதை மறக்கவில்லை.

3

என் வீட்டுக்காரர் இறந்த நாளில் வருஷா வருஷம் பூசைக்குக் கொடுப்போம். பிறகு வீட்டில் சமைத்து, படத்துக்கு முன்னால் நின்று செபம் சொல்லிவிட்டுச் சாப்பிடுவோம். போன வருஷம் ஜெசிந்தா வந்திருந்தாள். சோறு வைக்கிற நேரத்தில் அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசுவதற்காக வெளியே காரிடாருக்குப் போனாள். போனவள் திரும்பி வரவில்லை.

காரிடாரில் என் வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு தொட்டியில் அவரை போட்டிருந்தேன். ஜன்னல் கம்பியில் கொடி ஏறியிருந்தது. எட்டிப் பார்த்தால், நல்ல புடவை தரையில் புரளக் குந்தியிருக்கிறாள். இலையைத் திருப்பி வைத்துக்கொண்டு அடிப்பக்கம் பார்க்கிறாள்.

"மா, இது எப்பலேர்ந்து இருக்கு?"

"எது?"

"இந்தக் கறுப்பு. ரவுண்டா இருக்கே."

"அதுவா? நானும் நசுக்கிட்டுத்தான் இருக்கேன், ஒழிய மாட்டேங்குது. தொட்டா நாறும்."

"நசுக்காதீங்க மா. ப்ளீஸ், நசுக்காதீங்க லா."

குண்டுமணியைவிடச் சின்னதாக, ஆமை ஓடு மாதிரி முதுகு பளபளவென்று இருக்கும். வண்டு என்றுதான் நினைத்திருந்தேன். வண்டு இல்லையாம். கடிக்கிற வாய் கிடையாது, ஊசி மாதிரி ஒரு மூக்கை வைத்துச் சாறு உறிஞ்சுகிற சாதியாம். அவள் வேலைக்கு அந்தப் பூச்சி வேண்டியிருந்ததாம். லிம் சூ காங் பக்கம் காய்கறிப் பண்ணைகளில் தேடியிருக்கிறாள், காட்டு ஓரத்தில் தேடியிருக்கிறாள், அகப்படவில்லை. பெற்றவள் வீட்டு வாசலில் மட்டும் தேடவில்லை. வருகிற வழக்கம் இருந்தால்தானே?

அவர் படத்துக்கு முன்னால் வைத்த சோறு ஆறிப்போனது. அவர் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

4

பூச்சியை அவள் உடனே எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்குள் வெளிப் பூச்சியைக் கொண்டுபோக அனுமதி வேண்டும். அதற்கு ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னொரு இடத்தில் கேள்வி கேட்பார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் போனால் முதல் இடத்தில் ஆள் மாறியிருப்பார். இந்த ஊரில் எல்லாம் சட்டுச்சட்டென்று நடக்கும் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பூச்சி விஷயத்தில் நடக்கவில்லை. அனுமதி வரும்வரை என் செடியிலேயே வளரட்டும் என்று அவள் முடிவு செய்தாள். கொசுவலை போல ஒரு மெல்லிய வலையைக் கொண்டுவந்து கொடியின் மேல் கூடாரம் கட்டினாள். வேலை முடிந்ததும் பொங்கோலுக்குப் போகாமல் உட்லண்ட்ஸுக்கு வர ஆரம்பித்தாள்.

அனுமதி வரக் கூடாது என்று நான் ஜெபமாலை சொன்னேன். மகளுடைய வேலைக்கு எதிராகச் சொன்ன ஜெபம். சாமியார் மன்னிக்கட்டும்.

அவள் வருகிறாள் என்றால் எனக்குச் சமையல் உண்டு. இல்லாவிட்டால் ரொட்டியும் காப்பியும் போதும். வந்ததும் செருப்பைக் கழற்றாமலே வலைக்குள் தலையை விடுவாள். பிறகு கை கழுவிச் சாப்பிடுவாள். சாப்பிடும்போது கேள்வி கேட்பாள். என் வாழ்நாளில் அவள் என்னிடம் அத்தனை கேள்வி கேட்டதில்லை.

"ஊர்ல அவரைக்கு என்ன பூச்சி மா வரும்?"

"அசுவுணிதான். தண்டு பூரா அப்பிக்கிட்டு இருக்கும். எங்கம்மா அடுப்புச் சாம்பலத் தூவுவாங்க."

"தூவினா போயிடுமா?"

"சில நேரம் போகும். போகாட்டி அந்தக் கொடியப் புடுங்கி மாட்டுக்குப் போட்ருவாங்க."

"இப்ப மாமா என்ன செய்றாங்க?"

"உன் மாமா மருந்து அடிக்கிறான். போன தடவை அடிச்சது இந்தத் தடவை கேக்கலையாம். கடைக்காரன் வேற டப்பா குடுத்திருக்கான்."

அசுவுணி என்ற வார்த்தையை அவள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். பிஞ்சு, துளிர், கொழுந்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். கொழுந்து அவள் வாயில் குழுந்து என்றே வந்தது. நான் திருத்தவில்லை. திருத்தினால் பேச்சு நின்றுவிடும் என்று பயம்.

ஒரு நாள் டவுன் கவுன்சிலிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். நடைபாதையில் தொட்டி இடைஞ்சலாக இருக்கிறதாம். நாடா வைத்து அளந்தார். வலைக் கூடாரத்தைப் பார்த்து ஏதோ ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு மக்சிக் சலேஹா வெளியே வந்தார். மக்சிக் என்றால் மலாயில் அத்தை என்று கூப்பிடுகிற மாதிரி. அவரும் காரிடாரில் பயத்தங்கொடி வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை சொன்னதை மக்சிக் எனக்கு மலாயில் சொல்ல, என் சந்தை மலாயில் நான் பதில் சொல்ல, மக்சிக் அதை ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னார். வலைக்குள் பூச்சி வளர்க்கிறோம் என்பதை மட்டும் இரண்டு பேரும் எந்தப் பாஷையிலும் சொல்லவில்லை. தொட்டிகளை ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்ததோடு அவர் போய்விட்டார்.

"அனாக் டத்தாங் லாகி, பாகுஸ் லா" என்பார் மக்சிக், ஜெசிந்தா வருகிற ஒவ்வொரு தடவையும். மகள் மறுபடி வந்துவிட்டாள், நல்லது என்று அர்த்தம். அவர் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள். அவர் சொல்வதில் கொஞ்சம் பொறாமை இருந்தது. எனக்கு அது இனித்தது.

5

பூச்சி முட்டை வைத்தது. இலைக்கு அடியில் இரண்டு வரிசை, கேழ்வரகைவிடச் சின்னது, பல் வைத்தாற்போல ஒழுங்காக இருந்தது. ஜெசிந்தா அந்த இலையைக் கிள்ளி, ஈரக் காகிதம் போட்ட ஒரு மூடி டப்பாவில் வைத்துவிட்டுப் போனாள். அது மழைக்காலம். சுவரில் துணி காயாமல் நாறுகிற நாட்கள். முட்டையின் மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்து, எல்லாம் வீணாகிவிட்டது.

அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "அடுத்த தடவயும் இப்படி ஆச்சுன்னா வேற எடம்தான் பாக்கணும் மா" என்றாள். "பண்ணையில ஒருத்தர் எடம் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

வேறு இடம் என்றால் லிம் சூ காங். அங்கே போனால் இங்கே எதற்கு வருவாள்?

கொஞ்ச நாளில் மறுபடி முட்டை வைத்தது. அந்த வாரம் அவளுக்கு வேலை அதிகம். வர முடியாது, டப்பாவில் எடுத்து வையுங்கள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று போனில் சொன்னாள். எடுத்து வைத்தேன். அவள் வாங்கிக் கொடுத்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முட்டைகளுக்கு அடியிலும் நடுவிலும் பழுப்பாக, பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. தாய்ப்பூச்சி போகிற போக்கில் கழிந்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன். போன தடவை பூசணம் பிடித்தது இந்த அழுக்கிலிருந்துதான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பிள்ளை பிறக்கப் போகிற இடத்தில் இப்படி ஒரு அசிங்கத்தை நான் எந்தக் காலத்திலும் விட்டுவைத்தவள் இல்லை.

காதுக்குப் போடுகிற பஞ்சுக்குச்சியை எடுத்தேன். கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்தேன், வார்டில் கலக்குகிற அதே அளவு. நனைத்துப் பிழிந்து, ஒரு முட்டைகூட நகராமல், பொட்டு பொட்டாக எடுத்தேன். எடுக்க வராத இடத்தில் ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து ஒற்றினேன். காலை வெயில் ஜன்னலில் இருந்து என் தோளுக்கு வரும்வரை உட்கார்ந்து செய்தேன். இடுப்பு விட்டுப்போயிற்று. முடித்ததும் பார்த்தால், முட்டைகள் முத்துக் கோத்த மாதிரி இருந்தன.

பூசணம் வரவே இல்லை. ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, "இந்தத் தடவ ஒண்ணும் ஆகலடி, சுத்தமா இருக்கு" என்றேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பெருமையாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

6

ஒரு சனிக்கிழமை காலையில் குஞ்சு பொரித்தது. ஜெசிந்தா சரியாக அன்றைக்கு வந்திருந்தாள். கறுப்பு மிளகை உடைத்தாற்போல ஒவ்வொன்றாக முட்டை ஓட்டை விட்டு வெளியே வந்தன. அவள் ஒரு கண்ணாடி, நான் ஒரு கண்ணாடி என்று வைத்துக்கொண்டு டப்பாவின் மேல் குனிந்திருந்தோம். எனக்கு ஒரே சந்தோஷம்.

அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"ஏன் இப்படி நடக்குதுங்க?" என்றாள்.

"புள்ளைங்கன்னா நடக்கத்தான் செய்யும்."

"இல்ல மா. இதுங்க நடக்கக் கூடாது. வந்த எடத்துலயே உக்காரணும்."

குஞ்சுகள் இலையின் விளிம்புக்குப் போயின. திரும்பி முட்டை ஓட்டுக்கே வந்தன. மூக்கை அடியில் விட்டு நோண்டிப் பார்த்தன. மறுபடி போயின. மறுபடி வந்தன. எல்லாமே அப்படித்தான். ஒன்றுகூட ஓரிடத்தில் நிற்கவில்லை.

"மா, இதுக்கு அடியில ப்ரௌனா இருந்திச்சில்ல?"

"அந்த அழுக்கா? துடைச்சிட்டேன்."

"எத வச்சு?"

சொன்னேன். அளவையும் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. தமிழில் வார்த்தை தேடித் தேடிச் சொன்னாள்.

"அது அழுக்கில்ல மா. அம்மாப் பூச்சி வச்சிட்டுப் போறது. அதுக்குள்ள பாக்டீரியா இருக்கு."

"பாக்டீரியான்னா கிருமிதான?"

"கிருமிதான். ஆனா இதுக்கு வேண்டிய கிருமி. குஞ்சு வெளிய வந்ததும் மொதல்ல அதத்தான் உறிஞ்சும். அது வயித்துல போய்த் தங்கிடும். செடிச் சாறுல எல்லாச் சத்தும் கெடையாது மா. இல்லாதத அந்தக் கிருமி செஞ்சு குடுக்கும். அது வயித்துல இல்லன்னா, எவ்ளோ குடிச்சாலும் ஒழுங்கா வளராது. நெறைய செத்துடும்."

கிருமியை ஒழிப்பதையே தொழிலாகச் செய்தவள் நான். அப்படி ஒரு கிருமியை ஒரு தாய் தன் பிள்ளைக்கென்று எடுத்து வைத்துவிட்டுப் போவாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"இதுங்க இப்ப அதத்தான் தேடுதா?"

"ஆமா."

"எவ்ளோ நேரம் தேடும்?"

"தெம்பு இருக்கற வரைக்கும்."

டப்பாவை இன்னொரு தரம் குனிந்து பார்த்தேன். பிறகு, "சேனை மாதிரியா?" என்றேன்.

"சேனைன்னா?"

அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. பிள்ளை பிறந்ததும் குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருத்தர் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார்கள், அதற்குச் சேனை வைப்பது என்று பெயர், வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள் என்று சொன்னேன்.

"எனக்கு யாரு வச்சாங்க?"

"யாரும் வைக்கல. உங்கப்பாவோட அக்கா கிண்ணத்துல கரைச்சு எடுத்துட்டுத்தான் வந்தாங்க. வார்டு வாசல்ல நர்ஸ் விடல. அப்புறம் அந்த நர்ஸே பாட்டில்ல குடுத்திச்சு. சீனப் பொண்ணு, பேரு தெரியாது."

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். "அதான் எனக்குச் சீனக் கடைச் சிக்கன் ரைஸ் இவ்ளோ புடிக்குதா."

நானும் சிரித்தேன். டப்பாவுக்குள் அவை நடந்துகொண்டே இருந்தன.

7

அவள்தான் ஒரு வழி சொன்னாள். மக்சிக்கின் பயத்தங்கொடியில் வேறொரு பூச்சி இருந்தது. அதே உருவம், நிறம் மட்டும் பாசிப்பயறு போல. நம்முடையதற்கு ஒன்றுவிட்ட சாதி. அதுவும் முட்டை வைத்து, அடியில் பொட்டு வைத்திருந்தது.

"அந்தப் பொட்ட எடுத்து இதுங்களுக்குக் குடுத்துப் பாக்கலாம்" என்றாள்.

"வேற தாயோடத இது குடிக்குமா?"

"பசியில இருக்கு. தெரியல, பாப்போம்."

மக்சிக்கிடம் கேட்டேன். "அம்பில் லா, புசோக், உந்தோக் அப்பா" என்று சிரித்தார். எடுத்துக்கொள், அந்த நாற்றம் பிடித்தது எனக்கெதற்கு என்று சொல்கிறார்.

ஜெசிந்தா ஊசிமுனையால் பொட்டுகளைப் பெயர்த்து நம் இலையில் வைத்தாள். டார்ச் விளக்கை என்னைப் பிடிக்கச் சொன்னாள். வெளிச்சம் பொட்டை விட்டு விலகிக்கொண்டே இருந்தது. அவள் தன் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் தலை என் தலையோடு ஒட்டியிருந்தது. அவள் தலைமுடியில் நரை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சில குஞ்சுகள் அதற்குள் சோர்ந்து கவிழ்ந்துவிட்டன. மற்றவை பொட்டின் மேல் தடுக்கி, நின்று, மூக்கை விட்டன. உறிஞ்சி முடித்ததும் நடக்கவில்லை. ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டன. அத்தனை நேரம் அலைந்தவை அவைதானா என்று தோன்றியது.

அப்போதுதான் அவள் தன் வேலையைப் பற்றி எனக்குச் சொன்னாள். தம்பி, இதைக் கவனமாகப் படி. இந்த வம்சத்தில் ஒரு வகை சோயா வயலை அழித்துவிடுமாம். அதற்கு அண்ணன் தம்பி முறையில் இருக்கிற இன்னொரு வகையை அதே சோயாவில் விட்டால் அதன் முட்டை சரியாகப் பொரிக்காதாம். பொட்டுகளை மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பொரிக்காதது பொரித்ததாம். வயலை அழிக்கிறதற்கு முட்டை கெட்டதாம். பூச்சி அதேதான், வயிற்றில் இருக்கிற கிருமிதான் ஆளை மாற்றுகிறது என்றாள். செடியைத் தின்பது பூச்சி. அந்தச் செடியில் அதைப் பிழைக்க வைப்பது கிருமி. தாயிடமிருந்து பிள்ளைக்கு அது போகிற வழியை மறிக்க முடிந்தால், மருந்தைக் கொட்டாமலே பூச்சி தானாகக் குறையும். அதைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். இன்னும் நீ கடையில் போய் வாங்குகிற மாதிரி ஒன்றும் வரவில்லை. வருவதற்குள் என் கண் மூடிவிடும்.

"நாங்க லேப்ல இதையேதான் செய்வோம் மா, ஆல்கஹால் வச்சுத் துடைப்போம்" என்றாள். "என்ன, நாங்க வேணும்னு செய்வோம்."

"நான் துடைச்ச மாதிரி துடைப்பீங்களா?"

"சத்தியமா இல்ல. இவ்ளோ க்ளீனா யாரும் பண்ணதில்ல."

அதைக் கேட்டு எனக்குள் ஒரு பெருமை எழுந்தது. எழுந்த வேகத்தில் உட்கார்ந்தும்விட்டது.

8

அனுமதி வந்தது. என் ஜெபம் பலிக்கவில்லை என்பதில் இப்போது எனக்குக் கோபமில்லை. அவளுக்கு அது வேண்டியிருந்தது. ஒரு வேன் கொண்டுவந்து குஞ்சுகள், வலை, கொடி, தொட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனாள். காரிடாரில் தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக இரண்டு தடம் தெரிந்தது. மக்சிக் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே போய் எனக்கு ஒரு தட்டில் குவே, அவர்கள் பலகாரம், கொண்டுவந்து கொடுத்தார்.

பழையபடி ஞாயிற்றுக்கிழமைதான். பழையபடி என்று முழுசாகச் சொல்லிவிட முடியாது. இப்போது பூசை முடிந்து தேக்காவில் உட்கார்ந்தால் பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை உண்டு. போன ஞாயிறு போனில் ஒரு படம் காட்டினாள். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முதுகு மின்னியது. இலைக்கு அடியில் இரண்டு வரிசை முட்டை.

"பாருங்க மா, முட்டை போட்டிருச்சு."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முட்டைக்கு அடியில் பழுப்புப் பொட்டுகள் இருந்தன.

"பொட்டும் வச்சிருக்கே."

"வைக்கும்ல. எல்லாம் வைக்கும்."

"யாரோடத வச்சிருக்கு? பெத்தவளோடதா, மக்சிக் கொடியில இருந்ததோடதா?"

"அது எதக் குடிச்சிச்சோ அதத்தான் மா வைக்கும். மக்சிக் கொடியோடதுதான்."

"இனிமே இதுக்குப் பொறக்குறதெல்லாம்?"

"அதேதான். அப்படியே போகும்."

"அப்போ பெத்தவளோடது?"

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். "அது முடிஞ்சிருச்சு மா" என்றாள். வேலையைப் பற்றிச் சொல்கிற குரல்தான். அதில் வேறொன்றும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா எல்லாம் ரொம்ப ஹெல்தியா இருக்கு மா" என்று சேர்த்துக்கொண்டாள்.

"நல்லா இருந்தாச் சரி" என்றேன்.

பொங்கோல் ரயில் அங்கிருந்தே நேராகப் போகும். எனக்கு வேறு வழி. நிலையத்தின் நகரும் படிக்கட்டு வரை கூட நடந்தேன். புதன்கிழமை வீட்டுக்கு வா, வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. இப்போது செடியும் இல்லை, பூச்சியும் இல்லை, எதற்கு மா என்று கேட்டுவிடுவாளோ என்று நினைத்தேன். நான் யாரிடமும் வா வா என்று கேட்டுப் பழகியவளும் இல்லை. அவள் ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை என் பக்கம் ஆட்டிக்கொண்டே இறங்கினாள். தலை மறைகிற வரை அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு போனாள்.

கேட்டிருக்கலாம்.